நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்ட கைப்பிடி

தினேஸ்வரியை எனக்குப் பதினோரு ஆண்டுகளாகத் தெரியும். நான் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளியின் கேன்டீனில் அவர் சமைக்கிறார். காலை ஐந்தரைக்கெல்லாம் வந்து சம்பல் கிண்டி, மீகூன் சேமியா பிரட்டி வைத்துவிடுவார். ஓய்வு மணி அடித்ததும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சலிக்காமல் தட்டு நீட்டுவார். இரண்டு மணிக்கு வேலை முடியும். பேச்சு குறைவு. ஆனால் எந்தப் பிள்ளை எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் இருக்கிறது, அதன் அப்பா வேலைக்குப் போகிறாரா இல்லையா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வகுப்பாசிரியர்களான எங்களுக்கே அவ்வளவு தெரியாது.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது, ஈப்போவில் ஒரு ஹோட்டல் மேடையில் ஏறி அவர் பேசிவிட்டு வந்த பிறகுதான். அந்தப் பேச்சில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. சொல்லிப் பெருமைப்படக்கூடிய பங்கு அல்ல.

எந்த நகர மன்றம், எந்த ஊர் என்று நான் இங்கே எழுதவில்லை. ஈப்போவிலிருந்து பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடம் என்பது போதும். மன்றத்தில் வேலை செய்பவர்களில் இரண்டு பேர் என் பழைய மாணவர்கள்.

தினேஸ்வரி பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா மாயாண்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தோட்டத்தை விற்றார்கள். கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டி, கணக்கெழுதும் கிராணி ஒரு கடிதத்தை இங்கிலீஷில் படித்தார். படித்து முடித்ததும் வரிசையில் நின்று பெருவிரல் வைத்தார்கள். தினேஸ்வரிக்கு அப்போது இருபது வயது.

"என்னா எழுதியிருக்குன்னு அப்பா கேக்கல சார். கேக்கலாம்னே அவருக்குத் தெரியாது," என்று ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

தோட்டத்து ஆட்களுக்கென்று நிலத்தை வாங்கியவர்கள் மூன்று கட்டடங்கள் கட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. மொத்தம் இருநூற்று நாற்பது வீடுகள். வீடுகள் அவரவருக்குச் சொந்தம். படிக்கட்டு, நடைபாதை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகக் குழு இருந்தது. அது இரண்டு ஆண்டு நடந்து, பிறகு யாரும் கூட்டத்துக்கு வராமல் நின்றுபோனது. கட்டிய நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகு பல்பு எரிந்து போனால் அந்த மாடிக்காரர்களே காசு போட்டு மாற்றினார்கள். மாற்றாத மாடிகள் இருட்டாகவே இருந்தன.

தினேஸ்வரியும் அவர் கணவர் கனகராஜும் பி கட்டடத்தில் நான்காம் மாடி. கனகராஜ் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. அவர்களுக்கு மேலே ஐந்தாம் மாடியில் ஐயாவு இருந்தார். தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். மனைவி இறந்துவிட்டார். மகள் சித்தியவானில். ஐயாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் போக வேண்டியிருந்தது. தர்ம நிலையத்து வேன் கீழே வந்து நிற்கும். கீழே வரைக்கும் அவர்தான் இறங்கியாக வேண்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடிகள் காணாமல் போயின. முதலில் ஏ கட்டடத்தின் மேல் மாடியில் ஒரு துண்டு. பிறகு மாடி மாடியாக. யாரோ பகலிலேயே ரம்பம் கொண்டுவந்து அறுத்து, பழைய இரும்புக் கடைக்குப் போட்டார்கள். ஆறு மாதத்தில் மூன்று கட்டடத்திலும் கம்பி இல்லை. சிமெண்டில் முழங்கால் உயரத்துக்கு அறுபட்ட முளைகள் மட்டும் நின்றன. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் ஐந்து மாடிக் குழி. பிள்ளைகளுக்கு அம்மாமார் சொன்ன ஒரே சொல், "செவத்தோரமா போ."

ரத்த சுத்திகரிப்பு முடிந்து வரும் நாள்களில் ஐயாவுக்குத் தலை சுற்றும். ஒருமுறை மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தபடியே நான்கு படி சறுக்கிவிட்டார். கனகராஜ்தான் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார்.

பெருந்தொற்று ஓய்ந்த மறு ஆண்டு மன்றத்திலிருந்து அமீருல் வந்தார். முப்பது வயது இருக்கும். தமிழ் பேசினார். "எங்க அத்தா தெலுக் இந்தான்ல சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காருக்கா," என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். மன்றம் எழுபதாயிரம் வெள்ளிப் பணம் ஒதுக்கியிருக்கிறது, அதை எதற்குச் செலவு செய்வது என்று இந்த அடுக்குமாடி மக்களே முடிவு செய்யப்போகிறார்கள் என்றார். பூப்பந்து மைதானத்தில் இருபது முப்பது பேர் நின்று கேட்டார்கள்.

"நாங்க முடிவு பண்ண மாட்டோம். இங்க எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

தினேஸ்வரி பின்வரிசையிலிருந்து கேட்டார். "நாங்க சொன்னா செஞ்சிருவீங்களா?"

"அதுக்குத்தானேக்கா வந்திருக்கோம்."

அன்று மாலை தினேஸ்வரி நான்கு மாடியும் சுவரைத் தொட்டுக்கொண்டே ஏறினாராம். ஏறும்போதெல்லாம் அந்தப் பதில்தான் காதில் கேட்டது என்றார். நாற்பத்துமூன்று வயதில், இது வேணுமா அது வேணுமா என்று தன்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அமீருல் சொன்னபடியே வேலை நடந்தது. வீடு வீடாக வந்து எத்தனை பேர், என்ன வயது, யாருக்கு என்ன நோய் என்று எழுதினார்கள். ஆண்கள் தனி, பெண்கள் தனி, வயதானவர்கள் தனி, இளையவர்கள் தனி என்று உட்கார வைத்துப் பேசவிட்டார்கள். பெண்கள் கூட்டத்தில் முதல் பேச்சே படிக்கட்டுதான். வயதானவர்கள் கூட்டத்திலும் அதேதான். கடைசியில் நான்கு திட்டங்கள் நின்றன: படிக்கட்டுக்குக் கைப்பிடியும் விளக்கும், பிள்ளைகளுக்கு விளையாட்டிடம், கண்காணிப்புக் கேமரா, பழைய மண்டபத்துக்குப் புதுக்கூரை. பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் ஓட்டுப் போடலாம். ஆளுக்கு ஐந்து கூப்பன். பிடித்த பெட்டியில் போட வேண்டியது.

"ஆளுங்க வரணும்க்கா. பாதிப் பேராவது வந்தாத்தான் மேல இருக்கறவங்க ஒத்துக்குவாங்க," என்றார் அமீருல்.

தினேஸ்வரி அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். கேன்டீன் முடிந்து குளித்துவிட்டு மூன்று மணிக்குக் கிளம்புவார். மூன்று வாரம், இருநூற்று நாற்பது கதவு. கதவு திறக்காத வீட்டுக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை. தமிழர் வீடு, மலாய்க்காரர் வீடு, சி கட்டடத்தில் இருந்த பத்துப் பதினைந்து சீனர் வீடு, எதையும் விடவில்லை. பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அம்மாக்களைக் கூப்பிடுவார்.

பி கட்டடத்துக் கீழ்வீட்டில் லத்தீபா இருந்தார். கணவர் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பங்காளியாக இருந்து இறந்தவர். லத்தீபா வீட்டு வாசலில் மேசை போட்டு மீ கோரேங்கும் அப்பமும் விற்றார். மூன்று கட்டடத்துச் செய்தியும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும்.

"கேட்டுட்டுப் போறவங்க நெறைய பேரப் பாத்துட்டேன் தினேஸ்," என்றார் லத்தீபா. "எலெக்சன் வந்தா அரிசிப் பை. முடிஞ்சா ஆளக் காணோம்."

"இது அது இல்லக்கா. இதுல ஆளுக்கு ஓட்டு இல்ல, சாமானுக்குத்தான் ஓட்டு."

"சாமான் நடந்து வருமா? ஆளுதானே கொண்டு வரணும்."

அப்படிச் சொன்னவர்தான், ஓட்டு நாளில் மேசையை மைதானத்துக்கே கொண்டுவந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் தே தாரேக் டீ ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடாரத்துக்குள் நான்கு பெட்டிகள். பத்து மணிக்கெல்லாம் வரிசை வெயிலுக்கு வந்துவிட்டது. ஐயாவு வர வேண்டாம், பெட்டியைக் கொஞ்சம் மேலே கொண்டுவரச் சொல்கிறேன் என்று தினேஸ்வரி சொல்லியிருந்தார். ஐயாவு கேட்கவில்லை.

"எல்லாரும் எறங்குறாங்க. நான் மட்டும் மேல குந்திக்கிட்டிருக்கவா? வாரேன், வுடு."

ஐந்து மாடி இறங்க அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார். கீழே வந்ததும் ஐந்து கூப்பனையும் கைப்பிடிப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டார். அமீருல் அதைப் படம் பிடித்தார். ஓட்டுப் போட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். கைப்பிடிப் பெட்டியில்தான் பாதிக்கு மேல். மைதானத்தில் கைதட்டல் எழுந்தது. தினேஸ்வரி அழுதார். இதை லத்தீபா எனக்குச் சொன்னார். தினேஸ்வரி ஒருபோதும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் ஒருவர் வந்து படிக்கட்டை அளந்துகொண்டு போனார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மூன்று மாதம் போனது. அமீருலுக்குச் செய்தி அனுப்பினால், "கேட்டுட்டு சொல்றேன்க்கா" என்று பதில் வரும். ஐந்தாம் மாதம் அவரே கூப்பிட்டார். கோலாலம்பூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள், திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும் என்றார்.

"அப்ப எங்க கைப்பிடி?"

"புதுசா ஒரு புவான் வந்திருக்காங்க. ஃபைல் எல்லாம் அவங்ககிட்ட இருக்குக்கா. நான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன்."

பள்ளி விடுமுறையில் தினேஸ்வரி மன்ற அலுவலகத்துக்குப் போனார். நம்பர் எடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். புதிய புவான், அந்த அதிகாரி அம்மாள், மரியாதையானவர். உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, மலாயில் பொறுமையாக விளக்கினார். படிக்கட்டு கட்டடத்துக்குள் இருக்கிறது. கட்டடம் தனியார் சொத்து. தனியார் சொத்துக்குள் பொதுப்பணத்தைச் செலவு செய்ய மன்றத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. நிர்வாகக் குழு இருந்து, அது எழுதிக் கேட்டால் வேறு வழி பார்க்கலாம். குழுதான் இல்லையே.

அப்படியானால் எங்களிடம் ஏன் கேட்டீர்கள் என்று தினேஸ்வரி கேட்டார்.

அதெல்லாம் ஓட்டெடுப்புக்குப் பிறகுதான் சட்டப் பிரிவுக்குப் போனது என்றார் அந்த அம்மாள். ஆண்டு முடிவதற்குள் செலவு செய்யாத பணம் திரும்பிப் போய்விடும். அதனால் கட்டடத்துக்கு வெளியே, சாலையைப் பார்த்த பக்கம் ஏதாவது நல்லதாகச் செய்து கொடுக்கப் போகிறோம், கவலைப்படாதீர்கள் என்றார்.

தினேஸ்வரி பஸ் நிறுத்தத்திலிருந்து அமீருலைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார்.

"அந்தச் சட்டத்த நான் மொதல்லயே பாத்திருக்கணும்க்கா. எனக்குத் தெரியல. யாரும் சொல்லவும் இல்ல. ஆனா பணம் இருந்துச்சுக்கா. அது பொய் இல்ல."

"பொய்னு நான் சொல்லலையே," என்றார் தினேஸ்வரி.

டிசம்பரில் ஓவியர்கள் வந்தார்கள். ஏ கட்டடத்தின் வெளிச்சுவரில் கீழிருந்து மேல்வரை ஒரு படம் வரைந்தார்கள். முக்காடு கட்டிய பெண் ஒருத்தி ரப்பர் மரத்தில் கத்தி வைத்துப் பால் வெட்டுகிறாள், மேலே ஓர் இருவாட்சிப் பறவை. உண்மையிலேயே அழகான படம். காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

லத்தீபா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. புடிச்சு ஏறத்தான் முடியாது."

கோபம் மன்றத்தின் மேல் போகவில்லை. மன்றம் எங்கோ இருந்தது. கதவைத் தட்டியது தினேஸ்வரி. மூன்றாம் மாடியில் ஒரு பெண், "என் அஞ்சு கூப்பனையும் அதுலதான் போட்டேன். கேமராவுக்குப் போட்டிருந்தாலாவது வந்திருக்கும்," என்றாள். கேமராவும் வந்திருக்காது என்று தினேஸ்வரிக்குத் தெரியும்; கேமராக்களையும் நடைபாதைக்குள் வைப்பதாகத்தான் பேச்சு. அதை அவர் சொல்லவில்லை. சி கட்டடத்தில் ஒருவர் நேருக்கு நேராகவே கேட்டார்: "இதுல ஒனக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

அன்று கேன்டீனில் சம்பல் அடிப்பிடித்துவிட்டது. பதினோரு ஆண்டில் நான் பார்த்து அது ஒரே ஒரு தடவைதான்.

கனகராஜுக்குப் பொறுக்கவில்லை. அவர் கூட்டாளி ஒருவர் ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். அவரிடம் சொல்லி, கழித்துப்போட்ட நீலக் கயிறு இரண்டு சுருள் கொண்டுவந்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அறுபட்ட முளைகளில் சுற்றி இழுத்து, பி கட்டடத்தில் கீழிருந்து ஐந்தாம் மாடிவரை கட்டி முடித்தார். இடுப்புயரத்துக்கு வரவில்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான். ஆனாலும் ஐயாவு குனிந்து பிடித்துக்கொண்டு இறங்கினார். "மீன் நாத்தம் அடிக்குதுலா மச்சான்," என்று சிரித்தாராம். மூன்று மாதம் அந்தக் கயிறு இருந்தது.

பிறகு ஓவியத்தைத் திறந்து வைக்க ஒரு பெரிய பிரமுகர் வருவதாக ஏற்பாடானது. அதற்கு முந்திய வாரம் பாதுகாப்புச் சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். தீப்பிடித்தால் ஓடும் வழியில் கயிறு இடைஞ்சல் என்று எழுதி, அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். கனகராஜ் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தினேஸ்வரி பள்ளியில் இருந்தார். தடுக்க யாருமில்லை. லத்தீபா கேட்டதற்கு, "ஆர்டர், மா," என்று மட்டும் சொன்னார்களாம்.

ஐயாவு வாரத்தில் மூன்று நாள் சுத்திகரிப்பை இரண்டாக்கினார். வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். இரண்டு ஒன்றானபோது தினேஸ்வரி சித்தியவானுக்கு ஃபோன் போட்டு மகளிடம் சொல்லிவிட்டார். மகள் மறுநாளே வந்தாள். நான்கு பேர் ஐயாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கினார்கள். முன்பக்கம் கனகராஜ். ஐயாவு கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். காரில் ஏறுவதற்கு முன் தினேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. கேட்டே, வந்தேன். அவ்ளோதான்."

சித்தியவானில் மகள் வீடு தரைவீடு. சுத்திகரிப்பு நிலையம் பக்கம். ஆனால் உடம்பு ஏற்கெனவே கெட்டுவிட்டிருந்தது. அங்கே போன ஐந்தாம் மாதம், பள்ளி ஓய்வு நேரத்தில் அவர் இறந்த செய்தி வந்தது. தினேஸ்வரி ஃபோனை வைத்துவிட்டு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் தட்டு கொடுத்து முடித்தார். பிறகு என்னிடம் வந்து, நாளைக்கு லீவு வேண்டும், யாரிடம் சொல்லணும் சார் என்று கேட்டார்.

அந்த ஆண்டே மன்றம் இரண்டாம் சுற்றை அறிவித்தது. புதிய புவான் தினேஸ்வரிக்குச் செய்தி அனுப்பினார்: போன முறை மாதிரியே மக்களைத் திரட்டித் தர வேண்டும். இந்தமுறை கட்டடத்துக்கு வெளியே உள்ளவற்றை மட்டும் பட்டியலில் வைத்திருக்கிறோம்: செடித்தொட்டி, வாகன நிறுத்தக் கோடுகள், ஓர் இரும்பு நாற்காலி வரிசை.

அவர் ஏன் போனார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. போனார். ஏ கட்டடத்தில் கீழ்மாடியிலிருந்து ஆரம்பித்தார். சில கதவுகள் திறந்தன, அவரைப் பார்த்ததும் சாத்திக்கொண்டன. ஒரு வீட்டில் உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது, கதவு திறக்கவே இல்லை. ஒரு மலாய்க்கார அம்மா வெளியே வந்து, திட்டாமல், அவர் கையைப் பிடித்து, வெயிலில் அலையாதே, வீட்டுக்குப் போ என்றார். பதினோராவது கதவோடு திரும்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்தெட்டு பேர் ஓட்டுப் போட்டார்கள். அறிக்கையில், 'குடியிருப்பாளர்களின் ஆர்வம் குறைந்துள்ளது, ஆகவே திட்டம் வேறு பகுதிக்கு மாற்றப்படுகிறது' என்று இருந்தது. அதை எனக்குக் காட்டியவர் என் பழைய மாணவர்.

இதற்குப் பிறகுதான் ஹோட்டல். பல ஊர் மன்றங்களிலிருந்தும் ஆட்கள் கலந்துகொள்ளும் ஒருநாள் கருத்தரங்கு. மக்கள் பங்கேற்கும் பட்ஜெட் நகரங்களில் வெற்றி பெறுவது எப்படி என்பதுதான் தலைப்பு. முதல் சுற்றின் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு எங்கள் வட்டாரத்திலேயே பெரிய எண்ணிக்கையாம். அதனால் மக்கள் தரப்பில் ஐந்து நிமிடம் பேச தினேஸ்வரியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவர் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் மலாயில் இரண்டு பக்கம் எழுதி, பிழை திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். நன்றாக எழுதியிருந்தார். எப்படிக் கதவைத் தட்டினார், பிள்ளைகள் எப்படித் தாய்தகப்பனை இழுத்துக்கொண்டு வந்தார்கள், எல்லாம் இருந்தது. கடைசிப் பத்தியில் நான்கு வாக்கியம்: 'படிக்கட்டில் இன்றுவரை கைப்பிடி இல்லை. நாங்கள் கட்டிய கயிற்றையும் அறுத்துவிட்டீர்கள். ஓட்டுப் போட நாற்பது நிமிடம் இறங்கி வந்தவர் இறந்துவிட்டார். எங்களை ஏன் கேட்டீர்கள்?'

நான் சிவப்புப் பேனாவால் அந்தப் பத்தியைச் சுற்றிக் கட்டம் போட்டேன். "இத மேடையில சொல்ல வேணாம். மறுபடி நம்ம பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. நன்றி சொல்லி முடிச்சிருங்க."

"சரி சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இருபத்தேழு ஆண்டு பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்தியிருக்கிறேன். அப்படி ஒரு திருத்தம் செய்ததில்லை.

அவரோடு நானும் போனேன். திரையில் ஓட்டு நாளின் படங்கள் ஓடின. ஐயாவு கூப்பன் போடும் படம் சுவரளவுக்குப் பெரிதாக வந்தது. தினேஸ்வரி ஒரு கணம் நின்று அதைப் பார்த்தார். பிறகு நான் திருத்திக் கொடுத்ததை அப்படியே வாசித்தார். பலமாகக் கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஒருவர் அவரிடம், இது வெற்றி பெற முக்கியமாக என்ன வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். கருத்தரங்கை நடத்தியவர், "சுருக்கமாக," என்றார்.

தினேஸ்வரி புத்தகத்தை மூடினார். மலாயில்தான் பேசினார். அவர் சொன்னதை என் நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"எங்களிடம் கேட்பதற்கு முன்னால், செய்ய முடியுமா என்று நீங்கள் உங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். வக்கீலை முதலில் கேளுங்கள், எங்களைப் பிறகு கேளுங்கள். முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள். நான் தட்டிய அதே கதவுகளை நீங்களும் தட்டிச் சொல்லுங்கள். ஓட்டு வாங்க நான் போனேன். முடியாது என்று சொல்ல யாரும் வரவில்லை. அதையும் நான்தான் சொன்னேன். ஆள் மாறிப் போனாலும் வேலை மாறாமல் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எங்கள் இடத்தில் இது வெற்றி பெறவில்லை."

பின்பக்கம் ஒருவர் கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். நடத்தியவர் நன்றி சொல்லி, வெளியே தேநீர் தயாராக இருக்கிறது என்றார். தேநீர் மேசையில் ஓர் அதிகாரி வந்து தினேஸ்வரியின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். இன்றுவரை அழைக்கவில்லை. நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வுடுங்க சார். அதையும் சேத்துப் படிச்சிருந்தாலும் டீ குடிக்கத்தானே போயிருப்பாங்க."

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் கேன்டீனுக்கு வந்தார். பெயர் மெஹ்ரீன். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு அடுக்குமாடியில் தையல் வேலை செய்பவர், தினேஸ்வரியின் வயதுதான். திட்டம் அங்கேதான் மாறிப் போயிருந்தது. கையில் வீட்டு எண்கள் எழுதிய ஒரு தாள் வைத்திருந்தார்.

"நானூறு பேர எப்படிக்கா எறக்குனீங்க? எல்லாரும் உங்க பேரத்தான் சொல்றாங்க."

தினேஸ்வரி வெள்ளரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கதவு கதவா போனேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்களுக்கு என்னா வேணும்?" என்று கேட்டார்.

"தண்ணித் தொட்டிக்கா. மேல தொட்டி ஒழுகுது."

"தொட்டி யாரோடதுன்னு மொதல்ல கேளுங்க. எழுதி வாங்குங்க. வாங்கிட்டு அப்புறமா ஆளுங்கள எறக்குங்க."

மெஹ்ரீன் தாளின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் திரும்பி வந்தார். கேட்டாராம். அதெல்லாம் அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஓட்டெடுப்புக்கு ஆட்கள் வரட்டும் என்றார்களாம்.

"என்னாக்கா செய்யறது? போவட்டுமா, வேணாமா?"

தினேஸ்வரி கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த என்னை ஒருமுறை பார்த்தார்.

"எனக்குத் தெரியலங்க," என்றார்.

மெஹ்ரீன் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். "கேக்காம வுட்டாலும் தொட்டி ஒழுகத்தான் போவுது. சரி, வாரேன்க்கா," என்று எழுந்து போனார். அவர் நேற்று வரை அறுபது கதவு தட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஓட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை.

நீங்கள் போய்ப் பார்க்கப் போகிறீர்களா என்று தினேஸ்வரியிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை துணி நிறையக் கிடக்கிறது சார், நான்கு மாடி ஏற்றி இறக்கவே நேரம் சரியாக இருக்கும் என்றார்.